மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நான் எழுதிய இரண்டு வரிகள்

தரைக்கடியில் போகும் கேபிளுக்குள் மூன்று கம்பிகள் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அவற்றுக்குப் பெயர். மின்சாரத்துக்கு நிறம் கிடையாது. கம்பியின் மேல் நாம் சுற்றும் டேப்புக்குத்தான் நிறம். ஆனால் மூன்றும் எந்த வரிசையில் வருகின்றன என்பது மோட்டாருக்குத் தெரியும். வரிசை சரியாக இருந்தால் வலப்பக்கம் சுற்றும். இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டால், புகையோ வெடிச் சத்தமோ இல்லாமல், மிகவும் அடக்கமாக இடப்பக்கம் சுற்றும். வீட்டில் விளக்கு எரியும், ஃபேன் ஓடும், யாருக்கும் எதுவும் தெரியாது. பெரிய மோட்டார் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

அதனால் ஒரு கேபிளை வெட்டி ஒட்டிய பிறகு, இந்த முனையில் சிவப்பாக இருப்பது அந்த முனையிலும் சிவப்புதானா என்று பார்த்துவிட்டுத்தான் மின்சாரம் விட வேண்டும். பம்பாயில் நான் முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கியது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

எங்கள் காலத்தில் அதற்கு இரண்டு மனிதர்கள் வேண்டும். கேபிளின் ஒரு முனையில் ஒரு துணை மின்நிலையம், மறுமுனையில் இன்னொன்று. நடுவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தெரு, சாக்கடை, ரயில்பாதை. ஒரு முனையில் நான் மெகருடன் உட்கார்ந்திருப்பேன். மெகர் என்பது கைப்பிடி வைத்த பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் முள் அசையும். மறுமுனையில் இருப்பவர் ஒரு கம்பியை மட்டும் பூமிக் கம்பியோடு இணைப்பார். அதே கம்பியில் என் மெகரை வைத்துச் சுற்றினால் முள் பூஜ்யத்தில் விழும். விழுந்தால் இரண்டு முனையிலும் இருப்பது ஒரே கம்பிதான். இப்படி மூன்று கம்பிகளுக்கும் செய்ய வேண்டும். இரண்டு பேரும் தனித்தனிப் புத்தகத்தில் நேரத்தோடு எழுத வேண்டும்.

பதினோரு வருடம் என் மறுமுனையில் ஒரே ஃபிட்டர்தான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தாராவியை ஒட்டி, தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. அவர் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட வாக்கிடாக்கியில் அவர் குரலைக் கேட்ட நேரம்தான் அதிகம்.

“சிவப்பு போட்டாச்சு சார்.”

“சிவப்பு வந்தாச்சு.”

இவ்வளவுதான் எங்கள் பேச்சு. சோதனை நடக்கும்போது செட்டில் வேறு பேச்சு கூடாது என்பது விதி. ஒருமுறை அவர், “சாப்ட்டாச்சா சார்?” என்று கேட்டுவிட்டார். அது சோதனையோடு சம்பந்தப்பட்ட கேள்வியா என்று நான் திருப்பிக் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, “மஞ்சள் போட்டாச்சு சார்” என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை.

அவரை அந்த வேலையிலிருந்து தூக்கியது நான் எழுதிய இரண்டு வரிகள். அந்த வரிகள் பொய் என்று அவரிடம் சொல்ல எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

நடந்தது இதுதான். தாராவிப் பக்கத்துக்குப் போகும் கேபிள் ஒன்று பழுதாகி, வெளியாட்கள் வந்து ஒட்டினார்கள். நானும் அவரும் வழக்கம்போல் ஆளுக்கு ஒரு முனையில் உட்கார்ந்தோம். என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. பழக்கம் என்பது மரியாதையான சொல். சோதனைப் புத்தகத்தின் பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, எல்லா வரிகளையும் முதலிலேயே எழுதிவிடுவேன். சிவப்பு, நேரம், சரி. மஞ்சள், ஐந்து நிமிடம் கழித்து ஒரு நேரம், சரி. நீலம், இன்னும் ஐந்து நிமிடம், சரி. மெகரைச் சுற்றிய கையால் உடனே எழுதினால் எழுத்து கோணும். எப்படியும் சரியாகத்தான் வரப்போகிறது. அத்தனை வருடமும் சரியாகத்தான் வந்திருந்தது.

அன்று சிவப்பு முடிந்ததும் அவருடைய செட்டில் பேட்டரி செத்துவிட்டது. தொடர்பு அறுந்தால் மறுமுனையில் இருப்பவர் எல்லா இணைப்பையும் எடுத்துவிட்டு, வெளியே வந்து, கண்ட்ரோல் ரூமுக்கு டெலிபோனில் சொல்ல வேண்டும். அதுவும் விதி. அவர் அப்படியே செய்தார். கண்ட்ரோல் ரூமிலிருந்து எனக்குச் செய்தி வந்தது: ஃபிட்டர் வெளியே வந்துவிட்டார். சோதனை நின்றுபோயிற்று, மறுபடி தொடங்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நான் புத்தகத்தைப் பார்த்தேன். மூன்று வரிகளும் நிறைந்திருந்தன. நிறைந்த பக்கத்தைப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். எழுதியவனுக்கும் அப்படியே தோன்றியது. மின்சாரம் விடலாம் என்று சொன்னேன். விட்ட பிறகு, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்லும் சுழற்சிகாட்டியை மாட்டி ஒருமுறை பார்ப்பது மறுமுனைக்காரரின் வேலை. அவர் நல்ல செட்டு வரட்டும் என்று தெருவில் காத்துக்கொண்டிருந்தார்.

ஒட்டிய இடத்தில் மஞ்சளும் நீலமும் மாறியிருந்தன. அந்தப் பகுதியில் இருந்த மோட்டார் எல்லாம் பின்பக்கமாகச் சுற்றின. யாருக்கும் அடி இல்லை. இரண்டு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டோம். விசாரணைக்குத்தான் ஆறு வாரம் ஆயிற்று.

விசாரணையில் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். என்னுடையது நிறைந்திருந்தது. அவருடையதில் சிவப்புக்கு மட்டும் நேரம்; கீழே இரண்டு வரி காலி. பாதியில் நின்ற சோதனைக்கு உண்மையான புத்தகம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதிகாரிகள் வேறு மாதிரி முடிவு செய்தார்கள்: ஃபிட்டர் கம்பியைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் சொல்லியிருக்கிறார், எதையும் குறித்துவைக்காமல் கிளம்பியிருக்கிறார். ஒருவர் என் கையெழுத்தைப் பாராட்டினார். மஞ்சளையும் நீலத்தையும் நீங்கள் நிஜமாகவே பார்த்தீர்களா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் அலுவலக நடைமுறைதான். அதிலும் நான் தேர்ந்தவன்.

அவரைத் தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். பணி ஓய்வு வரை ஏணியில் ஏறி பல்பு மாற்றினார். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இனி இன்றைய கதை. நான் செம்பூரில் ஆறாவது மாடியில் தனியாக இருக்கிறேன். மனைவி போய் நான்கு வருடம். மகன் வேறு நாட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் பேசுவான். எட்டாவது நிமிடத்தில் எங்கள் இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிடும். மீதி இரண்டு நிமிடம் வானிலை.

போன வருடம் மழைக்கு முன் எங்கள் கட்டடத்துக்கு வரும் கேபிளை மாற்றினார்கள். மறுநாள் காலை லிஃப்ட் நின்றுவிட்டது. மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்றார் லிஃப்ட் மெக்கானிக். நான் மெதுவாகக் கீழே இறங்கிப்போய், கம்பி வரிசை மாறியிருக்கிறது, வரிசை மாறினால் லிஃப்ட் தானாக நின்றுகொள்ளும்படி உள்ளே ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அது ஒழுங்காக வேலை செய்கிறது, மற்ற யாரும்தான் செய்யவில்லை என்றேன். வீட்டிலிருந்து என் பழைய சுழற்சிகாட்டியை எடுத்துவந்திருந்தேன். உள்ளங்கை அகலப் பெட்டி, மேலே ஒரு தட்டு. மூன்று கம்பியிலும் மாட்டினால் தட்டு சுற்றும். ஓய்வு பெற்றவனுக்கு அதை மாட்ட அதிகாரம் இல்லை. ஆகையால் மெக்கானிக்கை மாட்டச் சொல்லிவிட்டு, விதிப்படி தள்ளி நின்றேன். தட்டு பின்பக்கமாகச் சுற்றியது. செயலாளர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், நான்தான் அதைத் திருப்பிச் சுற்ற வைத்தேன் என்பதுபோல.

மாலையில் மின்சார அலுவலகத்திலிருந்து இளம் இஞ்சினியர் ஒருத்தி வந்தாள். வீட்டில் தமிழ், வெளியில் இந்தி பேசும் பெண். கையில் நீளமான பிளாஸ்டிக் குச்சி, நுனியில் ஒரு கருவி, இன்னொரு கையில் செல்போன் அளவுக்குத் திரை. ஒவ்வொரு கம்பிக்கும் குச்சியைக் கொண்டுபோனாள். திரையில் எழுத்து வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“நீங்க சொன்னது கரெக்ட் அங்கிள். மஞ்சளும் நீலமும் மாறியிருக்கு.”

“மறுமுனையில யாரும்மா இருக்கா?”

“யாரும் இல்ல. சப்ஸ்டேஷன்ல ஒரு பாக்ஸ் வெச்சிருக்கோம். அதுவும் இதுவும் சேட்டிலைட்ல டைம் பாத்துக்கும். நான் ஒருத்தியே போதும்.”

“பேசறதுக்கு?”

“யார்கிட்ட பேசணும்?” என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

நான் சோதனைப் பிரிவில் இருந்தவன் என்று செயலாளர் சொன்னதும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “உங்க டைம்ல ரொம்ப ரிஸ்க் இல்ல அங்கிள்? ட்ரெய்னிங்ல ஒரு கேஸ் சொல்லுவாங்க. ஒரு ஃபிட்டர் கம்பியைப் பாக்காமலே கலர் சொல்லிட்டுப் போயிட்டாராம். தாராவில எல்லா மோட்டாரும் உல்டாவா ஓடிச்சாம். எங்க பேட்ச்ல யாராச்சும் வேலைய ஒழுங்கா செய்யலன்னா, ‘என்ன, ஃபிட்டர் வேலையா’ன்னுதான் கலாய்ப்போம்.”

அந்தப் பாடத்தை எழுதியவர் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பதவி உயர்வு வந்த வருடம் பயிற்சிக் கையேட்டை எழுதிக் கொடுத்தது நான்தான். நல்ல நடையில் எழுதியிருந்தேன். ஒரு மனிதனை ஏணியில் ஏற்றியது போதாதென்று, ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகள் சிரிப்பதற்கு வகுப்பறையிலும் நிறுத்தியிருக்கிறேன். நின்ற லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் என்னால் ஆறு மாடி ஏற முடிந்தது.

அந்த வாரமே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் முறைப்படி போட்டு, பதிவுத் தபாலில். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் கூற்றைச் சரிபார்க்க அசல் சோதனைப் புத்தகங்கள் தேவை. பழைய ஆவணங்களை அழிக்கும் விதியின்படி அவை அழிக்கப்பட்டுவிட்டன. எனவே கையேட்டை மாற்ற வழியில்லை. அந்த அழிப்பு விதியின் வரைவும் என்னுடையதே. குறை சொல்ல முடியாத விதி.

வேறு வழி இல்லாமல்தான் நேரில் போனேன். லேபர் கேம்ப்பில் வீடு என்பது தவிர எனக்கு எதுவும் தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கி, சந்து முனையில் இருந்த மாவு மில்லில் கேட்டேன். மில்காரர் என் வயதுடைய முஸ்லிம். தாடியிலும் புருவத்திலும் மாவு. வாசலில் ஒரு பெண் டின்னோடு காத்திருந்தார்.

“மின்சார ஆபீசில் ஃபிட்டராக இருந்தவர் வீடு எது?”

“ஃபிட்டரா? இங்க அப்படி யாரு?” என்றார் அந்தப் பெண்.

“நம்ம உல்டா அண்ணாச்சிய கேக்காருத்தா” என்றார் மில்காரர். பிறகு என்னைப் பார்த்து, “மூணாவது சந்து, பச்சைக் கதவு. நல்ல நாள்ல வந்திய. நாளைக்கு நெருள்ல மக வீட்டோட போறாரு. சாமானெல்லாம் கட்டியாச்சு.”

“உல்டாவா?”

“அது ஒரு கத சார். ஒரு நா இந்தத் தெருவுக்கே கரண்ட தலைகீழா உட்டுட்டாருல்லா. எம் மிசினு கோதுமைய அரைக்க மாட்டேன்னு மேல தூக்கித் துப்புது. நா ஜின்னு புடிச்சிட்டுன்னு நெனச்சிட்டேன்.” அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நூறு தடவை கேட்ட கதைக்குச் சிரிக்கும் சிரிப்பு.

பச்சைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். “இருக்கீங்களா?” என்றேன்.

கை நின்றது. திரும்பாமலே, “வாங்க சார்” என்றார்.

நாற்காலி எல்லாம் ஏற்கெனவே நெருளுக்குப் போய்விட்டது. ஒரு பெட்டியின் மேல் என்னை உட்கார வைத்தார். மனைவி முன்னாலேயே மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. மஞ்சளையும் நீலத்தையும் சோதிக்கும் முன்பே எழுதிவிட்டேன், உங்கள் மேல் தப்பே இல்லை, விசாரணையில் நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது, அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் கயிற்றின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். “தெரியும் சார்.”

“எப்படி?”

“எஞ் செட்டு செத்தது பதினொண்ணு பத்துக்கு. ஒங்க புஸ்தகத்துல மஞ்சளு பதினொண்ணே காலு, நீலம் பதினொண்ணு இருவது. விசாரணையில எம் முன்னாலதான விரிச்சு வச்சாங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“என்னத்தச் சொல்ல? ஒங்க புஸ்தகம் நெறஞ்சு கெடக்கு. எம் புஸ்தகம் காலியா கெடக்கு. காலியா வச்சிருக்கவன் பேச்ச யாரு கேப்பா?” முடிச்சை இறுக்கிவிட்டு, அதே குரலில் சொன்னார்: “மொத வருசம் நீங்க வருவியன்னு நெனச்சேன். ஏணி மேல நிக்கையில கீழ ஆபீசு ஜீப்பு வந்தா எட்டிப் பாப்பேன். அப்புறம் பாக்கல.”

நான் அலுவலகத்துக்கு எழுதியதையும் வந்த பதிலையும் சொன்னேன். அவர் அதில் அக்கறை காட்டவில்லை.

“ஆபீசு கெடக்கு சார். நா இங்கதான இருந்தேன். மக கல்யாணத்துக்குப் பத்திரிக்கை வைக்கப் போனாலும், கோயில்ல சப்பரத்துக்கு நன்கொடை எழுதுனாலும் அந்தப் பேருதான். எம் பேத்தியக்கூட உல்டா பேத்திம்பானுவ. எனக்காவ ஒண்ணு செய்வியளா? பாய் மில்லுல நின்னு ஒரு தடவ சொல்லுங்க. அவருகிட்ட சொன்னாத் தெருவுக்கே சொன்ன மாதிரி. நாளைக்கு நா போயிருவேன்.”

சரி என்றேன். அவர் உள்ளே போய், கட்டிவைத்த பெட்டி ஒன்றை மறுபடி அவிழ்த்து, இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். தலை வாரிக்கொண்டார். சந்தில் எனக்கு ஒரு அடி முன்னால் நடந்தார்.

மில்லில் இப்போது நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர் மில்காரரிடம், “பாய், இவுரு எங்க பழைய ஆபீசரு. ஒரு விசயம் சொல்லணுமாம்” என்றார். மில்காரர் மரியாதைக்கு மிசினை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் நான் பேசினேன். அந்த நாளில் தப்பு செய்தது இவர் இல்லை, நான்தான். சோதிக்காமலே புத்தகத்தில் எழுதியது நான். இவர் விதிப்படி நடந்துகொண்டார்.

 மில்காரர் தலையை ஆட்டினார்.

“பாத்தியளா? பெரிய மனுசன்னா இவருதான். தனக்குக் கீழ வேல பாத்த ஆளு ஊர விட்டுப் போறான்னு இம்புட்டு தூரம் வந்து, அவரு தப்பத் தந் தலையில போட்டுக்கிடுதாரு.”

“இல்லை, இது உண்மை” என்றேன்.

“சரி சார். சரி சார்.”

நான் விடவில்லை. மெகர், வாக்கிடாக்கி, கண்ட்ரோல் ரூம், இரண்டு புத்தகம் என்று ஒன்றொன்றாக விளக்கினேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேனோ அவ்வளவு படித்தவனாகத் தெரிந்தேன். இவ்வளவு தெரிந்த ஆள் எப்படித் தப்பு செய்திருப்பார் என்பது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. டின் வைத்திருந்த பெண், “அண்ணாச்சி, இப்படி ஒரு ஆபீசரு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்” என்றார். யாரோ, “உல்டா அண்ணாச்சிக்கு நேரா ஒரு சாருய்யா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு, அதனால் அதற்கு மறுப்பே இல்லை.

நான் அவரைப் பார்த்தேன். இஸ்திரிச் சட்டையின் நெஞ்சில் லேசாக மாவு படிந்திருந்தது. விசாரணை அறையில் எப்படி நின்றிருப்பாரோ அப்படி நின்றுகொண்டிருந்தார். “விடுங்க சார்” என்றார் மெதுவாக. “பாய், மிசினப் போடுங்க. சனம் காத்துக் கெடக்கு.”

நான் கிளம்பும்போது மில்காரர் ஓடிவந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். அப்போதுதான் அரைத்த கோதுமை மாவு, இரண்டு கிலோ இருக்கும். வேண்டாம் என்றேன். “உங்கள மாதிரி மனுசனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்க?” என்றார். இன்னும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஐந்து கிலோ ஆகியிருக்கும்.

பஸ் நிறுத்தம் வரை ஃபிட்டர் கூட வந்தார். நெருள் விலாசத்தைக் கேட்டேன். எப்போதாவது வந்து பார்க்கிறேன் என்றேன்.

அவர் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு, “மக வீடு சார். மாப்பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்” என்றார். என் போன் நம்பரை அவர் கேட்கவில்லை. “பொட்டியக் கட்டணும், அவுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, பஸ் வருவதற்கு முன்பே திரும்பி நடந்தார். நான் அவரைக் கூப்பிட்டு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் பேசிப் பழகாத மனிதரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாவுப் பொட்டலம் மடியில் இருந்தது. ஏறும்போது கை பொறுக்காத சூடு. சயான் தாண்டுவதற்குள் ஆறிவிட்டது. எனக்குச் சப்பாத்தி போடத் தெரியாது. அதெல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எதற்கு என்று கேட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அவரும் என்னைப் பெரிய மனிதன் என்று சொல்லிவிடலாம். அதனால் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு செம்பூர் வரை வந்தேன்.